மக்வலாவுக்கு ஏழு வழியனுப்பு விருந்து

மக்வலாவின் ஒயின் கடைக்குள் போக ஐந்து படி இறங்க வேண்டும். திபிலிசி நகரத்தில் நஜலதேவிப் பேட்டைப் பக்கம் பாதிக் கடைகள் இப்படித்தான், கழுத்தளவு பூமிக்குள் புதைந்து கிடக்கும். உள்ளே நிற்பவளுக்கு ஜன்னல் வழியாகத் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். பதினான்கு வருஷமாக அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் செருப்பை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள்.

அந்த வருஷம் ஜூலையில் எந்தக் காலும் படியிறங்கவில்லை. வெயில் அப்படி. தார் இளகிச் செருப்பில் ஒட்டுகிற வெயிலில் யாருக்கு ஒயின் மேல் ஆசை வரும்? தெரு முனையில் புதிதாகத் திறந்த சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சுவர் முழுக்கச் சில்லென்ற பீர். ஜனங்கள் அங்கே போனார்கள். பீரைத் தூக்கிப் பிடித்து யாரையாவது வாழ்த்தினால் அது பகையாளிக்குச் சொல்கிற வாழ்த்து என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த ஊர் இது. வெயில் அடித்ததும் மானம் மரியாதை எல்லாம் ஆவியாகிப் போய்விட்டது.

மக்வலாவுக்கு ஐம்பத்து நாலு வயது. புருஷன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். புத்தாண்டுக்கு மட்டும் தவறாமல் வாழ்த்து அனுப்புவான், வெட்கமில்லாதவன். மகன் போலந்தில் ஏதோ கிடங்கில் வேலை செய்கிறான். இவள் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் கொஞ்ச காலம் கரண்டி பிடித்துவிட்டு, பிறகு இந்தக் கடையைப் பிடித்தாள். ககேத்திக் கிராமப்புறத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் அண்ணன் வருஷா வருஷம் ஒயின் போட்டு அனுப்புவார். ஐந்து ரகம். லிட்டர் ஐந்து லரியில் தொடங்கி எட்டோடு முடிந்துவிடும். பாட்டில், லேபிள் என்று ஒரு பகட்டும் கிடையாது. கேனைக் கொண்டுவந்தால் பிடித்துக் கொடுப்பாள்.

அந்த ஜூலையில்தான் லமாரா போன் செய்தாள். லமாரா இவளுடைய சித்தி மகள். மக்வலாவும் குடியிருக்கிற, பல வீடுகள் சூழ்ந்த எங்கள் பொது முற்றத்தில் இருந்தவள், பதினொரு வருஷத்துக்கு முன்னால் இத்தாலிக்குப் போய் அங்கே வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை செய்கிறாள்.

"இங்க எங்க தெருவுலயே எண்பத்தெட்டு வயசு அம்மா ஒருத்திக்கு ஆள் வேணுமாம். சாப்பாடு, ரூம், சம்பளம் எல்லாம் உண்டு. குழிக்குள்ள உக்காந்து எத்தனை நாளைக்குடி ஈ ஓட்டுவ? மாசக் கடைசிக்குள்ள சொல்லு."

"எனக்கு அந்த பாஷை ஒரு எழுத்துத் தெரியாதே."

"அந்த அம்மாவுக்குக் காதே கேக்காது. நீ எந்த பாஷை பேசினா என்ன?"

மக்வலாவுக்குப் போக இஷ்டமில்லை. முன்பின் தெரியாத ஒரு கிழவிக்குச் சூப் ஊட்டிக்கொண்டு தனியாக ஓர் அறையில் படுத்துக் கிடப்பதை நினைத்தாலே அவளுக்குக் கசந்தது. ஆனால் கடையில் ஒயின் அசையவில்லை. இந்த மாதம் ஏதாவது வழி பிறந்தால் கடை. இல்லாவிட்டால் இத்தாலி.

வழி ஒன்று பிறக்கத்தான் செய்தது. பணக்காரர்கள் வசிக்கிற வாக்கே பக்கம் பல் வைத்தியரைப் பார்க்கப் போனவள், அங்கே ஒரு பகட்டான ஒயின் கடையில் கூட்டத்தைப் பார்த்துக் கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டாள். உள்ளே மெலிந்த ஆட்கள் மெலிந்த கிளாஸ்களை வைத்துக்கொண்டு முகர்ந்தார்கள், வாயில் வைத்துக் கொப்பளித்தார்கள், வெள்ளி வாளி ஒன்றில் துப்பினார்கள். பிறகு ஆளுக்கு மூன்று பாட்டில் வாங்கிக்கொண்டு போனார்கள். வாங்கிக்கொண்டு! வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி மக்வலா கால் மணி நேரம் அதையே பார்த்தாள்.

மறுநாள் கடை வாசலில் அட்டை தொங்கியது. 'சனிக்கிழமை மாலை ஐந்து மணி. கோடைக்கேற்ற மலிவு ஒயின் ஐந்து. ருசி பார்க்கக் காசு வேண்டாம். துப்புவதற்கு வாளி உண்டு. பிடித்ததை வாங்கிக்கொள்ளலாம்.'

ஐந்து மணி என்று போட்டால் எங்கள் முற்றத்தில் நாலரைக்கே வந்துவிடுவார்கள். மக்வலாவைத் தவிர மற்ற எட்டு வீட்டு ஆட்களும் வந்தார்கள். முன்னால் வந்தவர் ஜும்பர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபது வயது, தொண்டை மட்டும் இருபது. இந்த முற்றத்தில் கல்யாணமோ கருமாதியோ, பந்தித் தலைவராக உட்கார்ந்து வரிசையாக வாழ்த்துச் சொல்வது அவர்தான். கடைசியாக வந்தவள் ஜுஜுனா. கடைக்கு நேர் மேல்வீடு. முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கிற வேலை பார்த்தவள். ஒயின் வாடை தரை வழியாக ஏறித் தன் தலையணை வரைக்கும் வருகிறது என்று மக்வலாவோடு பன்னிரண்டு வருஷமாகச் சண்டை. இலவசம் என்றதும் அவளும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

மக்வலா சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கிளாஸ்களில் வெள்ளை ஒயின் ஊற்றினாள்.

"மொதல்ல மோந்து பாருங்க. அப்புறம் வாயில வச்சு இப்படி அப்படிச் சுழட்டிட்டு, இந்த வாளியில துப்பிடணும்."

ஜும்பர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, ஒயின் கெட்டுப்போச்சா?"

"கெடலண்ணே."

"அப்புறம் ஏன் துப்பணும்?"

"அதுதான் முறையாம். வாக்கேல எல்லாரும் துப்புறாங்க."

"வாக்கேல என்னத்த வேணா துப்புவாங்க. சரி, வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லாம எப்படிக் குடிக்கிறது? நாம என்ன ஆடு மாடா?" கிளாஸைத் தூக்கினார். "இந்த மண்ணுல சமாதானம் நிலைக்கணும். ஊரும் உலகமும் நல்லா இருக்கணும். வெற்றி!"

"வெற்றி!" என்று கூட்டமும் கத்தி ஒரே மடக்கில் விழுங்கியது.

"அண்ணே, துப்புங்கண்ணே!"

"சமாதானத்துக்குன்னு சொல்லிட்டு வாளியில துப்பவா? நாளைக்கு எவனாச்சும் பீரங்கியோட வந்து நின்னா நீ பொறுப்பேத்துக்கிறியா?"

மக்வலா அடுத்த ரகத்தை ஊற்றினாள். இரண்டாவது, தேன் நிறத்து ஒயின். அதைப் பெற்றவர்களுக்கு என்று சொல்லிக் குடித்தார்கள். பெற்றவர்களைத் துப்ப முடியுமா? மூன்றாவதை இறந்தவர்களுக்கு என்று அறிவித்தார் ஜும்பர். எல்லாரும் எழுந்து நின்றார்கள். இறந்தவர்களுக்கு என்றால் ரொட்டியில் இரண்டு சொட்டு விட்டாக வேண்டுமே, ரொட்டி எங்கே? யாரோ ஓடிப்போய் அடுப்புச் சூட்டோடு நாலு ரொட்டி கொண்டுவந்தார்கள். வெறும் ரொட்டியா என்று இன்னொருத்தி பாலாடைக்கட்டி எடுத்துவந்தாள். தக்காளி, வெள்ளரிக்காய், துளசி, வால்நட் தடவிய கத்தரிக்காய் எல்லாம் வந்தன. நாற்காலி வந்தது, பிறகு மேஜையே வந்தது. பிளாஸ்டிக் கிளாஸ் பார்க்கச் சகிக்கவில்லை என்று ஜும்பர் வீட்டிலிருந்து கண்ணாடி டம்ளர்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் கால் லிட்டர் பிடிக்கும்.

இறந்தவர்களை நினைத்து எல்லாரும் தலை குனிந்து நின்ற அந்த நேரத்தில், 'ப்ளிச்' என்று ஒரு சத்தம்.

ஜுஜுனா வாளியில் துப்பிவிட்டு நிமிர்ந்தாள்.

"அடிப்பாவி!" என்றார் ஜும்பர். "என் அப்பாவைப் போய்..."

"உங்க அப்பாவ நான் ஏன் துப்பப் போறேன்? போர்டுல போட்டிருக்கு, வாளி உண்டுன்னு. மொதல் ரெண்டையும் துப்பத்தான் செஞ்சேன், யாரும் பாக்கல." மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மக்வலாவைப் பார்த்தாள். "சரக்குல ஒரு குறையும் இல்ல. ஆனா வெள்ளை ஒயினு வெந்நீர் மாதிரி இருக்கு. இந்த வெயில்ல ஐஸ்ல வைக்காம எவளாவது ஊத்துவாளா?"

பேசாதே, போய் உட்கார் என்று நாலு பேர் அவளை அடக்கினார்கள். நாலாவது ரகம் இசபெல்லா, வெளிர்சிவப்பு, அதைப் பிள்ளைகளுக்காகக் குடித்தார்கள். ஐந்தாவது கறுத்த சிவப்புச் சபேரவி. அதை எடுத்துக்கொண்டு ஜும்பர் மக்வலாவின் பக்கம் திரும்பியபோதுதான் கதையே கெட்டது.

"இந்த மேஜைய நமக்காகப் போட்ட வீட்டுக்காரிக்கு! இந்த வீடும் இவ கையும் நிறைஞ்சே இருக்கணும்!"

மேஜை ஜும்பர் வீட்டு மேஜைதான். ஆனால் வாழ்த்துச் சொல்லியாகிவிட்டது. மக்வலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி யாராவது அவளைச் சொல்லி எத்தனை வருஷமாயிற்று! இன்னும் ஒரு கேனைத் திறந்தாள். அப்புறம் இன்னொன்றை.

சூரியன் சாயும்போது எல்லாரும் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தார்கள். ஒருவர் கையும் பர்ஸ் பக்கம் போகவில்லை. விருந்து சாப்பிட்ட வீட்டில் ஒயின் விலை கேட்கிற ஈனப் பிறவி எங்கள் முற்றத்தில் யார்? ஜுஜுனா ஒருத்திதான். பத்து லரி நோட்டு ஒன்றை மேஜை மேல் வைத்தாள்.

"இசபெல்லா ரெண்டு லிட்டர் குடு."

மேஜையைச் சுற்றியிருந்த எல்லாரும் அந்த நோட்டையே பார்த்தார்கள். மக்வலாவின் காது சிவந்தது. அவளுக்கு அந்தப் பத்து லரி வேண்டும். அதற்காகத்தான் பல்வலியோடு கண்ணாடிக்கு வெளியே நின்றாள், அட்டை எழுதினாள், வாளி வாங்கினாள். ஆனாலும் வாயிலிருந்து வந்தது வேறு.

"எடுத்து உள்ள வை! வீட்டுக்கு வந்தவ கிட்ட காசு வாங்குற அளவுக்கு நான் கெட்டுப்போகல!"

"இது வீடா? கடைதானே?"

"வெளிய போடி!"

ஜுஜுனா நோட்டை மடித்துக்கொண்டு படியேறினாள். நாற்பது லிட்டர் காலி, விற்றது ஒரு சொட்டு இல்லை. வாளியில் இருந்ததெல்லாம் ஜுஜுனா துப்பியது மட்டும்தான்.

மறுநாள் காலையில் மக்வலா லமாராவுக்குப் போன் செய்து வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். ஆகஸ்ட் இருபத்தைந்துக்கு விமான டிக்கெட். போனை வைத்து அரை மணி நேரத்தில் முற்றம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

எங்கள் முற்றத்து வழக்கம் இரண்டு உண்டு. தூர தேசம் போகிறவளை மற்ற எட்டு வீடும் கூப்பிட்டு விருந்து வைத்து அனுப்ப வேண்டும். எட்டு வீடும் அனுப்பினால்தான் பயணம். இன்னொன்று, கிளம்புகிறவளிடம் போகாதே என்று யாரும் சொல்லக் கூடாது. தடுத்தால் வழியில் ஏதாவது ஆகிவிடும்.

முதலில் படியிறங்கி வந்தது ஜும்பரின் செருப்பு. கையில் இரண்டு கேன்.

"ஞாயித்துக்கெழம எங்க வீட்ல உனக்கு வழியனுப்பு விருந்து. இருபது லிட்டர் புடி."

"எனக்குத்தானேண்ணே விருந்து? நான் சும்மாவே தரேன்."

"சீ! கூப்பிட்ட விருந்தாளிகிட்டயே ஓசி ஒயின் வாங்குற குடும்பமா நாங்க? காச வாங்கு."

வாங்கினாள். மக்வலாவுக்கு வைக்கிற விருந்தில் சூப்பர் மார்க்கெட் பாட்டிலை யார் வைப்பார்கள்? அடுத்த வீட்டுக்காரர் இருபத்தைந்து லிட்டர் வாங்கினார், ஜும்பரைவிட ஒரு படி மேலே நிற்க வேண்டுமல்லவா. அதற்கடுத்த வீடு முப்பது. ஒவ்வொரு விருந்துக்கும் மச்சான், மாமனார், பக்கத்துத் தெரு நண்பர்கள் என்று முப்பது நாற்பது பேர். வந்தவர்கள் குடித்துவிட்டு, "யாருது இந்த ஒயின்?" என்று கேட்டு மறுநாள் கேனோடு கடைக்கு வந்தார்கள். மக்வலாவும் சும்மா இருக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் ஒரு தொட்டி வாங்கி ஐஸ் கொட்டி வெள்ளை ஒயினை அதில் போட்டு வைத்தாள். ஜுஜுனா சொன்னதற்காகச் செய்தேன் என்று செத்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டாள். ஜில்லென்று ஒரு வாய் குடித்த ஜனங்கள் சூப்பர் மார்க்கெட் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அண்ணன் இரண்டு தடவை வண்டியில் சரக்கு அனுப்பினார்.

நாலாவது விருந்துக்குள் மக்வலாவுக்குப் புரிந்துவிட்டது. இத்தாலிக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் இதை எப்படிச் சொல்வது? நாலு வீட்டில் அழுது அனுப்பிவைத்துவிட்டார்கள். கம்பளிச் சால்வை, வால்நட் ஜாம், திராட்சைப் பாகில் தோய்த்த வால்நட் சரம், கையடக்கச் சாமி படம் என்று பெட்டி நிரம்பிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, போகவில்லை என்றால் முகத்தில் காறித் துப்ப மாட்டார்களா? யாராவது ஒருத்தர், போகாதேடி என்று வாய்தவறியாவது சொல்லிவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடலாம். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் ஒவ்வொரு விருந்திலும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

ஐந்தாவது வீட்டில் தானே அடி எடுத்துக் கொடுத்தாள். "இப்ப வியாபாரம்கூடப் பரவாயில்லாமதான் போகுது..."

ஜும்பர் உடனே எழுந்தார். "கேட்டீங்களா? நல்லா ஓடுற கடைய விட்டுட்டுப் போறா! ஓடாத கடைய யார் வேணாலும் மூடலாம். இவளோட மனசு யாருக்கு வரும்? உன் பாதை வெளிச்சமா இருக்கட்டும்மா!"

எல்லாரும் அழுதார்கள். மக்வலாவும் அழுதாள். அவள் அழுததற்குக் காரணம் வேறு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஜும்பருக்கோ நாளுக்கு நாள் தொண்டை திறந்துகொண்டே போனது. ஆறாவது வீட்டில் அந்தக் காது கேளாத இத்தாலிக் கிழவிக்கு அவர் சொன்ன வாழ்த்தில், மீன் வெட்டிக்கொண்டிருந்த அந்த வீட்டு மருமகள் கத்தியைப் போட்டுவிட்டு வந்து விம்மினாள்.

ராத்திரி படுக்கையில் மக்வலாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. 'இவ்வளவு பிரியமா அனுப்புறீங்களே, ஒருத்தருக்காவது நான் இருந்தா நல்லா இருக்கும்னு தோணலயா?' என்று கூரையைப் பார்த்துக் கேட்டாள்.

ஏழாவது விருந்தும் முடிந்தது. பாக்கி எட்டாவது வீடு, ஜுஜுனா. ஒயின் வாங்கவும் வரவில்லை, கூப்பிடவும் இல்லை. ஜும்பர் போய்க் கதவைத் தட்டி, முற்றத்து மானம் போகிறது என்று கத்தினார். கதவு திறக்கவில்லை. விமானத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. மக்வலாவுக்கு வயிறு எரிந்தது. போவதா இருப்பதா என்ற கவலைகூட ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டது. எல்லார் வீட்டிலும் சோறு கிடைத்த இடத்தில் இந்த மகராசிக்கு மட்டும் என்ன கொழுப்பு? காலை பதினோரு மணிக்குக் கடையைப் பூட்டாமலே மாடிப்படி ஏறினாள்.

கதவு இம்முறை உடனே திறந்தது.

"ஏழு வீட்லயும் விருந்து ஆச்சு," என்றாள் மக்வலா.

"தெரியும். தரைக்கு மேல இருக்கேன், எனக்குக் காது கேக்கும்."

"நாளன்னைக்கு பிளைட்டு."

"அதுவும் தெரியும்."

"பன்னெண்டு வருஷம் சண்ட போட்ட. சரி. போறவளுக்கு ஒரு துண்டு ரொட்டி போட உனக்கு வக்கில்லையா?"

"ரொட்டி இருக்கு. தட்டு இருக்கு. காசும் இருக்கு. வைக்க மாட்டேன்."

"ஏன்? நான் உனக்கு என்னடி பண்ணினேன்?"

ஜுஜுனா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். கண்ணாடி இல்லாமல் அவள் முகத்தை மக்வலா அதுவரை பார்த்ததே இல்லை.

"வச்சா நீ போயிடுவ."

ஜுஜுனா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"போகாதன்னு நான் சொல்ல மாட்டேன். சொல்லி வழியில உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பழி எனக்கு வேணாம். ஆனா அனுப்பவும் மாட்டேன். எட்டாவது வீடு அனுப்பாம இந்த முத்தத்துலேர்ந்து எவளும் கெளம்பினதில்ல. முடிஞ்சா நீ போய்ப் பாரு!"

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

மக்வலா அங்கேயே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, ஜும்பரின் ஏழு நாள் வாழ்த்திலும் வராத அழுகை வந்தது. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, அந்தப் படியில் இருந்தபடியே லமாராவைக் கூப்பிட்டாள்.

"லமாரா, நான் வரலடி."

"என்னடி சொல்ற? டிக்கெட் போட்டாச்சே! என்ன ஆச்சு?"

"ஒரு வீடு என்னை அனுப்ப மாட்டேங்குது."

"எந்த வீடு?"

"ஜுஜுனா வீடு."

லமாரா சிரிப்பாள், இல்லாவிட்டால் திட்டுவாள் என்று மக்வலா காத்திருந்தாள். இரண்டும் நடக்கவில்லை. அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, பிறகு குழாயை மூடுகிற சத்தம்.

"எனக்கு எட்டு வீட்லயும் வச்சாங்க மக்வலா," என்றாள் லமாரா. "ஒருத்தர்கூட மாட்டேன்னு சொல்லல."